முட்டைக்கோஸ் மஞ்சளானது பற்றி உரக்கடைச் சித்தப்பாவுக்கு

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகன் மிகுந்த பணிவோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அப்பா வழக்கம்போல் கப்பலில் இருப்பதால், உங்களை எதிர்த்துப் பேசும் பொறுப்பு இந்த வருடமும் என்மேல் விழுந்திருக்கிறது. அங்கே தாங்களும், சித்தியும், உரக்கடையும், கடையில் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் மூட்டைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மூட்டைகளை மனதார விசாரிக்கவில்லை. மரியாதைக்காகத்தான்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் "மண்ணு" என்று ஆரம்பித்ததுமே உங்கள் போனில் சிக்னல் போய்விடுகிறது. "காலேஜ்" என்று சொன்னதும் திரும்ப வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. பாதியில வெக்க முடியாது. கிழிக்கலாம்தான், ஆனா சித்தி ஒரு தடவை படிச்சு முடிக்காம கிழிக்க விடமாட்டாங்க.

விஷயத்துக்கு வர்றேன். திங்கக்கிழமை டிராக்டர அனுப்பி, என் முட்டைக்கோஸ் மொத்தத்தையும் உழுது தள்ளிட்டு, அதே டிராக்டர்ல என்னையும் பொட்டியோட ஏத்தி காலேஜ்ல இறக்கச் சொல்லியிருக்கீங்களாம். டிராக்டர் டிரைவரே வந்து சொன்னாரு. ரொம்ப வருத்தப்படுற மாதிரிதான் மூஞ்சிய வெச்சிருந்தாரு, ஆனா பல்லு பூராத் தெரிஞ்சுது. அனுப்பாதீங்க சித்தப்பா. நான் போகமாட்டேன். நம்ம பேச்சு அது இல்ல.

பேச்சு என்னன்னு ஞாபகப்படுத்துறேன். நான் படிப்ப விட்டுட்டு வந்து நின்னப்போ, அம்மா முன்னால, உங்க வாயாலயே சொன்னீங்க: "என் நிலத்த எடுத்துக்கடா. என் கடை உரம் இல்லாம ஒரே ஒரு போகம் எடுத்துக் காட்டு, அப்புறம் அது உன் பொறுப்பு, நான் எட்டிக்கூடப் பாக்கமாட்டேன். ஆனா 'பயிருக்கு ஒரு பிடி யூரியா குடுங்க சித்தப்பா'ன்னு என் கடை வாசல்ல வந்து நின்னேன்னு வெச்சுக்க, மறுநாளே நீ காலேஜ்ல இருப்ப." நின்னேனா? இல்ல. போகம் முடிஞ்சுதா? முடியல. அப்புறம் டிராக்டர் எதுக்கு?

கோஸ் மஞ்சளாயிடுச்சுன்னு கேள்விப்பட்டீங்களாம். ஆமா, மஞ்சளாயிடுச்சு. நான் மறைக்கல, மஞ்சள மறைக்கவும் முடியாது. எப்படி ஆச்சுன்னு முழுசாப் படிங்க, அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.

மக்காச்சோளம் வெட்டி முடிச்சதும், மிச்சம் நின்ன காஞ்ச தண்டுத் தட்டைக்கு நெருப்பு வெக்கச் சொன்னீங்க. "ஒரு தீக்குச்சி, ஒரு மத்தியானம், நிலம் சுத்தம்"னு. நான் வெக்கல. ஏன்னா அந்தத் தட்டைக்குள்ள இருக்குற சத்துல பெரும்பங்கு இந்த மண்ணுல இருந்து ஏறினது. நெருப்பு வெச்சா தழைச்சத்து, அதான் உங்க யூரியால இருக்குற அதே நைட்ரஜன், புகையாக் கிளம்பி மேல போயிடும். மிச்சம் நிக்கிற சாம்பல்ல பாதிய காத்து கொண்டுபோயி பக்கத்து நிலத்துல போட்டுடும். அது நிலத்த சுத்தம் பண்றது இல்ல, வீட்டப் பெருக்குறேன்னு அரிசி மூட்டையையும் சேத்துத் தெருவுல கொட்டுறது. கொட்டிட்டு, வீட்டுல அரிசி இல்லன்னு உங்க கடைக்கு ஓடி வரணும். ரொம்ப நல்ல ஏற்பாடுதான். அதனால தட்டைய எரிக்காம அப்படியே மண்ணுக்குள்ள மடக்கி உழுதேன்.

உழுததும் உங்க டிராக்டர் டிரைவர்தான். ரோட்டவேட்டர் பல்லுல தட்டை சுத்திக்கிட்டு நின்னு நின்னு போச்சு. ஒவ்வொரு தடவையும் அவரு இறங்கி, அருவாளால அறுத்து எடுத்துக்கிட்டே, "தம்பி, உங்க சித்தப்பா குப்பைய எரிக்கச் சொல்றாரு, நீங்க குப்பைய நட்டு வெக்கிறீங்க. குப்பை முளைச்சு வந்தா எனக்கும் ரெண்டு கூடை குடுத்துவிடுங்க"ன்னாரு. "குடுக்குறேண்ணே, மொதல்ல உழுங்க"ன்னேன். அன்னிலிருந்து என்னை அவரு தம்பின்னு கூப்பிடுறது இல்ல. 'குப்பை விஞ்ஞானி'ன்னுதான் கூப்பிடுறாரு. டீக்கடைல எல்லாருக்கும் அதுதான் என் பேரு. உங்களுக்கும் அந்தப் பேரச் சொல்லித்தான் சேதி வந்திருக்கும்.

இங்கதான் ஒரு சின்ன அவசரம் நடந்துபோச்சு. தட்டை மக்குறதுக்குக் கொஞ்ச நாள் விட்டிருக்கணும். எனக்கு எதுக்கும் காத்திருக்கத் தெரியாதுன்னு உங்களுக்கே தெரியும், மூணாவது வருஷப் பரீட்சைய பாதில எந்திரிச்சு வந்தவன் நான். உழுத ஈரம் காயறதுக்குள்ள கோஸ் நாத்த ஊனிட்டேன். மண்ணுக்குள்ள என்ன நடந்துச்சுன்னா, அங்க கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கு. தட்டையத் தின்னு உரமாக்குறது அதுங்கதான். ஆனா தட்டை வெறும் சக்கை. அதத் தின்னு உடம்ப வளக்கணும்னா அதுங்களுக்குத் தழைச்சத்து வேணும், தட்டைல அது பேருக்குத்தான் இருக்கு. அதனால மண்ணுல இருந்தத அதுங்க முந்திக்கிட்டு வாரிடுச்சுங்க. ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு லேட்டாப் போனவன் காலித் தட்டோட நிப்பான்ல, அந்த மாதிரி கோஸ் நாத்து வரிசையா நிக்கிது. மூஞ்சி வெளுக்காம என்ன செய்யும்?

ஆனா சத்து எங்கயும் ஓடிப்போகல. கிருமிங்க வயித்துலதான் பத்திரமா இருக்கு. தீனி தீந்து அதுங்க செத்தா, வாரினதெல்லாம் திரும்ப மண்ணுக்கே வந்துடும். இத அம்மாகிட்ட விளக்கமாச் சொன்னேன். அவங்க பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டாங்க.

"அதுங்க எப்போடா சாகும்?"

"தின்னு முடிச்சதும்."

"அதுக்குள்ள கோஸ் செத்துடாதா?"

அம்மா எப்பவுமே உங்க கட்சிதான், உங்களுக்குத் தெரியாததா.

சரி, மண்ணுல தழைச்சத்து கொறஞ்சா வேற வழியாக் குடுப்போம்னு முட்டைப் பண்ணைக்குப் போயி கோழி எரு ஏத்திக்கிட்டு வந்தேன். கோழி எருவுல தழைச்சத்து நிறைய, சீக்கிரமாவும் பயிருக்குக் கிடைக்கும். பண்ணைக்காரர், "பச்சையா இருக்கு, ஆறப்போட்டுப் போடுப்பா"ன்னுதான் சொன்னாரு. ஆறுற வரைக்கும் யார் உக்காந்திருக்கிறது? அன்னிக்கே ஒவ்வொரு செடி காலடியிலயும் அள்ளி அள்ளி வெச்சேன். எரு சூட்டுல வேரு வெந்து எலை ஓரமெல்லாம் கருகிப்போச்சு. மஞ்சளா இருந்ததுல கால்வாசி பழுப்பாச்சு. கலர் மாறுச்சே, அதுவே ஒரு முன்னேற்றம்னு எடுத்துக்கிட்டேன்.

அடுத்த நாள் காலையில, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கிளினிக் வெச்சிருக்குற பல் டாக்டர், மாஸ்க்கும் கையுறையுமா அப்படியே வெளிய வந்துட்டாரு. கைல குறடு.

"தம்பி, என்ன நாத்தம் இது?"

"கோழி எரு சார். தழைச்சத்து."

"என் பேஷன்ட் ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்குறாங்க. திறந்தா ஈ உள்ள போகுது. நான் எதப் பாத்துப் பல்லு பிடுங்குறது?"

"மூக்கப் பொத்திக்கச் சொல்லுங்க சார். வாய் தானாத் திறந்துக்கும்."

நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். அவரு குறட்ட ஒரு தடவை திறந்து மூடிட்டு உள்ள போயிட்டாரு.

அப்புறம் அம்மா வற்புறுத்தலால எருவத் திரும்ப வாரி, மடக்காம மிச்சம் கிடந்த தட்டையோட மாத்தி மாத்தி அடுக்கி, மூலைல மதிலோரமா ஒரு குவியல் போட்டேன். மொதல்லயே இததான் செஞ்சிருக்கணும். தட்டைல தழைச்சத்து கம்மி, எருவுல ஜாஸ்தி, ரெண்டையும் கலந்தா கிருமிங்களுக்குச் சண்டை சச்சரவு இல்லாத சாப்பாடு. குவியல் உள்ளுக்குள்ள கொதிக்க ஆரம்பிச்சுது. கைய விட்டா சுரீர்னுச்சு. எனக்கு இருந்த சந்தோஷத்துல, பரீட்சை ரிசல்ட்டு பாக்குறவன் மாதிரி காலையும் மாலையும் கைய விட்டு விட்டுப் பாத்தேன். பனி விழுந்த ஒரு காலையில குவியல்ல இருந்து ஆவி குபுகுபுன்னு கிளம்புச்சு. பல் டாக்டர் ஜன்னல் வழியாப் பாத்துட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம தீயணைப்பு வண்டிக்குப் போன் பண்ணிட்டாரு.

வண்டி மணியடிச்சுக்கிட்டே வந்துச்சு. தெருவே வாசல்ல. ஹெல்மெட் போட்டவரு இறங்கி, "நெருப்பு எங்க?"ன்னாரு.

"நெருப்பு இல்லண்ணே. மக்குது."

"மக்குறது எதுக்குப் புகையுது?"

"புகை இல்லண்ணே, ஆவி. உள்ள கிருமிங்க வேலை பாக்குது."

அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு அம்மா பக்கம் திரும்புனாரு. "எத்தனை நாளாம்மா இப்படி?"

"காலேஜ விட்டதுல இருந்துங்க."

"வந்தது வந்துட்டோம்"னு சொல்லிட்டுக் குழாயத் திறந்துட்டாரு. குவியல் ரெண்டாப் பொளந்து, கறுப்பா ஒரு வெள்ளம். பாதி கிளினிக் கேட்டுக்கு அடியில பூந்து பல் டாக்டரோட வெள்ளைக் காரச் சுத்தி நின்னுச்சு. மீதி என் கோஸ் வரிசைக்குள்ள பாஞ்சு அந்த மூலையோட வடிஞ்சுது. கார அவரு கழுவிட்டாரு. மூலைய யாரும் கழுவல. இன்னிக்கு அந்த மூலைல இருக்குற கோஸ் மட்டும் கருகரு பச்சை சித்தப்பா. எலை ஒவ்வொண்ணும் முறம் மாதிரி. டிராக்டர் டிரைவர் ரோட்டுல சீட்டுல உக்காந்தபடியே எட்டிப் பாத்துட்டுப் போயி உங்ககிட்ட சேதி சொன்னவரு. மூலை வரைக்கும் அவரு நடக்கல. மஞ்சளாச்சுன்னு சொன்னவரு இதச் சொன்னாரா?

உங்க உரம் விஷம்னு நான் எங்கயும் சொன்னது இல்ல. உங்க மூட்டை பயிருக்குச் சோறு போடுது, ஒத்துக்குறேன். மண்ணுக்கு யார் போடுறது? இந்த நிலம் உங்க கைல இருந்தப்போ மம்பட்டியப் போட்டா ணங்குன்னு திரும்பி வந்துச்சு, சிமெண்ட்டுத் தரை தோத்துச்சு. இப்போ சொன்ன பேச்சுக் கேக்குற மாதிரி இறங்குது. மழை பேஞ்சா தண்ணி மேலயே நின்னு முழிக்கிறது இல்ல, உள்ள போகுது. மண்புழு வந்திருக்கு. அதுங்கள யாரும் காலேஜுக்குப் போகச் சொல்லல, வந்த எடத்துல வேலை பாக்குதுங்க. என்னையும் அப்படி விடுங்கன்னுதான் கேக்குறேன். கம்ப்யூட்டர் முன்னால மூணு வருஷம் உக்காந்தும் காலையில எந்திரிச்சதும் ஓடிப்போய்ப் பாக்கணும்னு எனக்கு ஒண்ணும் தோணல. இங்க தோணுது. மஞ்சளா இருந்தாலும் தோணுது.

ஆகவே இதைத் திட்டவட்டமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை டிராக்டர் வந்தால் வரப்பில் குறுக்கே படுப்பேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "படுக்குறதுன்னா பழைய சட்டையப் போட்டுக்கிட்டுப் படு"ன்னு அனுமதி குடுத்துட்டாங்க. உங்க கடையில இருந்து ஒரு மூட்டை, ஒரு பிடி, ஒரு குருணைகூட இந்த நிலத்துல விழாது. நான் தலைகீழா நின்னாவது இந்தப் போகத்த முடிப்பேன்.

சித்தியிடம் என் அன்பைச் சொல்லவும். இதுவரைக்கும் படித்தது அவர்களாகத்தான் இருக்கும், அதற்கு நன்றி. தங்கள் உடல்நலமும், இந்த ஒரு நிலம் நீங்கலாகத் தங்கள் வியாபாரமும் செழிக்க வேண்டும்,

எதற்கும் வளையாத
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: லெட்டர ஒட்டுறதுக்கு முன்னால, எதுக்கும் இருக்கட்டும்னு நிலத்துக்கு நடுவுல தோண்டிப் பாத்தேன். மூலைல மட்டும்தான் தட்டை கறுத்து மக்கியிருக்கு. மத்த எடத்துல போட்டது போட்டபடியே கிடக்கு. கிருமிங்களுக்கே தழைச்சத்து பத்தாம அதுங்களும் பாதில எந்திரிச்சுப் போயிடுச்சுங்க போல. இன்னொரு லோடு கோழி எரு வந்தா போலீஸ் வரும்னு பல் டாக்டர் சொல்லியனுப்பியிருக்காரு. அதனால திங்கக்கிழமை டிராக்டர அனுப்புங்க. கலப்பைய மட்டும் கழட்டி வெச்சுட்டு, அரை மூட்டை யூரியா ஏத்திவிடுங்க. பேச்சு பேச்சுதான் சித்தப்பா. நான் பயிருக்குக் கேக்கல, கிருமிக்குக் கேக்குறேன். கடை வாசல்லயும் வந்து நிக்கல. இல்ல, கிருமிக்குக் கேட்டாலும் கேட்டதுதான்னு நீங்க சொன்னா, கோஸ் வெட்டின மறுநாள் நானே பொட்டியக் கட்டிக்கிட்டு காலேஜுக்குப் போறேன், வெட்டுற வரைக்கும் உழாம இருந்தாப் போதும். டிராக்டர்ல நீங்களும் ஏறி வாங்க. மறுபடியும் கருக விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு, எவ்வளவு தூவணும்னு எனக்குத் தெரியல.