தாலா-தா மூடிவைத்த கம்பெனிகள்

கொல்கத்தாவில் கம்பெனி தொடங்கிவைக்க ஆயிரம் பேர் உண்டு. மூடிவைக்க ஒரே ஒருவர்தான்: தாலா-தா. தாலா என்றால் வங்காளத்தில் பூட்டு. தா என்றால் அண்ணன். எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர், லேக் கார்டன்ஸ் தமிழர். சொந்தமாக மூன்று கம்பெனி நடத்தி மூன்றையும் மூடியவர். அந்தத் தகுதியைப் பார்த்துத்தான், புதிதாகத் தொழில் தொடங்கும் எங்களுக்கு அவரை வழிகாட்டியாகப் போட்டார்கள்.

சனிக்கிழமைதோறும் வருவார். பையிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்து மேஜைமேல் வைப்பார். "ம், சொல்லு. உன் கம்பெனி இல்லேன்னா எவன் அழுவான்?" வழிகாட்டல் அவ்வளவுதான்.

மீன் புதுசா பழசா என்று போட்டோவைப் பார்த்தே சொல்லும் செயலியை ஒருத்தி செய்திருந்தாள். "ஆரே பாபா, செவுளைத் தூக்கிப் பார்க்காம எந்த வங்காளி மீன் வாங்குவான்? கடவுளே வந்து நல்ல மீனுன்னு சொன்னாலும், விரலை விட்டுப் பார்த்துட்டுத்தான் கும்பிடுவான்!" அந்தக் கம்பெனி ஒன்பது நாள் இருந்தது. துர்கா பூஜை சமயத்தில் கூட்டமில்லாத பந்தல்களைக் காட்டும் செயலி செய்தவனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. "கூட்டமில்லாத பந்தலுக்கு எவன்டா போவான்?" டீ ஆறுவதற்குள் முடிந்தது.

அடுத்தது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பார்த்த முதல் ஆள். அப்பா நாமக்கல்லிலிருந்து வந்து கிடர்பூரில் லாரி ஓட்டுகிறார். துறைமுக வாசலில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தேன். அந்தக் காத்திருப்பையே ஒழிக்க ஒரு செயலி: முறை வரும் நேரத்தைச் சொல்லும், அப்போது வந்தால் போதும். இதற்காக, கிடைத்த வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. அவர் தெருவெல்லாம் "எம் பையன் கம்பெனி வெச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா என்ன சொன்னார்?" என்றார் தாலா-தா.

"அவர்கிட்ட கேக்கல சார். அவருக்கு இதெல்லாம் புரியாது."

"ஏண்டா, நீ ஆப் பண்றதே லாரி டிரைவருக்கு. அவருக்குப் புரியாதா?" எழுந்துவிட்டார். "கிளம்பு."

அப்பாவின் லாரி வரிசையில் எங்கோ நடுவில் நின்றது. தாலா-தா மூன்று முறை ஏற முயன்று தோற்றார். நான்காவது முறை, நானும் பின்லாரி டிரைவரும் சேர்ந்து தள்ளியதில் தலைகுப்புற உள்ளே போய் விழுந்தார். தூங்கிக்கொண்டிருந்த அப்பா அலறி எழுந்தார். அந்தக் கலவரத்திலேயே நானும் ஏறி, லேப்டாப்பை மடியில் திறந்து எல்லாவற்றையும் விளக்கினேன்.

அப்பா முழுசாகக் கேட்டார். "அப்ப வரிசையில நிக்கவே வேண்டாமா கண்ணு?"

"வேண்டாம்ப்பா!"

"நிக்கலீன்னா முதலாளி அந்த நேரத்துக்கு இன்னொரு டிரிப்பு போகச் சொல்லுவாரே." கொஞ்சம் தயங்கினார். "நாந் தூங்கறதே இங்கதான் சாமி."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவே அவசரமாகச் சொன்னார்: "பரவால்ல, நீ பண்ணு. நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கறேன்." எங்களுக்கு டீ வாங்க இறங்கிப் போனார்.

"கிடைச்ச வேலையை வேண்டாம்னுட்டேன் சார். அவருக்குத் தெரியாது" என்றேன்.

தாலா-தா என் மடியிலிருந்த லேப்டாப்பை மெதுவாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்ள வசதியாக.