பின்னால் போகும் தீரிலும் என் வளைகோடும்

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்கா ரான்வெய்க் அவர்களுக்கு,

தங்கை சுனிவா எழுதுவது. இங்கே நானும் ஓஸ்முன்டும் எங்கள் எட்டு மாதக் குட்டி தீரிலும் நலம். உன் தீவில் காற்று அடங்கி, நீயும் உன் கிளினிக்குக்கு வரும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். "இதுக்காக இனிமே போன் பண்ணாத, எழுதிப் போடு, நான் படிக்கிறதுக்குள்ள சரியாயிடும்" என்று நீ கத்தியதால்தான் எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

சரியாகவில்லை. தீரில் இன்னும் பின்னால்தான் தவழ்கிறாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து "வாடி தங்கம்" என்று கையை நீட்டுகிறேன், அவளும் வாய் நிறையச் சிரித்துக் கையை ஊன்றி ஒரு தள்ளு தள்ளுகிறாள், நடைவழியில் சர்ரென்று பின்னால் போய்விடுகிறாள், கூப்பிடக் கூப்பிடத் தூரம் போகிற குழந்தை நார்வேயிலேயே இவள் ஒருத்திதான் இருப்பாள். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும், அப்புறம் அப்பா விடுப்பு, வீட்டிலிருந்து அவளைப் பார்த்துக்கொள்வது ஓஸ்முன்டின் முறை. அதற்குள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து வந்துவிட்டால் போதும். இல்லையென்றால் அவள் முதன்முதலில் முன்னால் வருவதை அவன் பார்ப்பான், நான் யாருடைய பிள்ளைக்கோ விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? தரையில் அளவுநாடா ஒட்டி, கைப்பேசியில் படம்பிடித்து, நொடிக்கு நொடி அவள் இருந்த இடத்துக்குப் புள்ளி வைத்து வளைகோடு வரைந்தேன். வகைக்கெழுவின் குறி, அதாவது அவள் போகும் திசை, எங்கு பார்த்தாலும் மைனஸ். ஒருநாள் நடுவழியில் நின்றாள், வேகம் பூஜ்யம், நான் மூச்சையே பிடித்துக்கொண்டேன். பூஜ்யமானால் மட்டும் திசை மாறாது, அதைத் தாண்டிக் குறியும் மாற வேண்டும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளைத் திட்டுகிறவள் நான்தானே? ஒரு தும்மல் போட்டுவிட்டு மறுபடி பின்னாலேயே போனாள். ஆனால் அக்கா, மறுநாளிலிருந்து தினமும் கோட்டில், கவிழ்ந்து விழுந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் நிமிரத் தொடங்கியது. வளைவு மாற்றப் புள்ளி! போவது பின்னால்தான், ஆனால் போகிற வேகம் தணிகிறது. குழந்தை மனசு மாறுகிறாள் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"ஓஸ்முன்ட், இங்க பாரு, பிரேக் பிடிக்குது! தினமும் இதே இடத்துல!"

காபிக் கோப்பையோடு குனிந்து பார்த்தான். "ஆமா. அங்கதான் துணிப்பாய் ஆரம்பிக்குது."

"என்னது?"

"தரையை சோப்புப் போட்டுத் தேச்சு வழவழன்னு வச்சிருக்க. அவ பாதம் வரைக்கும் மூடின கம்பளி டவுசர் வழுக்குது, காலுக்குப் பிடிப்பில்ல, கை தள்ளத் தள்ளப் பின்னால போறா. பாய் வந்தா உரசுது. அது அவ மனசு இல்ல, பாய். கம்பளி டவுசரக் கழட்டித்தான் பாப்போமே?"

"அக்டோபர்லயா? வெறுங்காலோடயா? உங்கம்மா பின்னிக் குடுத்தது! தெரிஞ்சா நம்ம தோலை உரிச்சிடுவாங்க!"

"நீ கோடு போட்டுக் காட்டாம இருந்தா தெரியாது."

ஜூலையிலேயே பிள்ளைக்குக் கம்பளி போடுகிற ஊரில் பேசுகிற பேச்சா இது? முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமைப் படகில் வந்து அவள் இடுப்பு, கால், காது எல்லாவற்றையும் பார். கம்பளி மேல் குற்றமில்லை என்று இவனிடம் ஒரு வார்த்தையும் சொல்.

அத்தானுக்கு என் அன்பு. உன் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாதிருக்கட்டும்.

உன் தங்கை,
சுனிவா

பி.கு.: காலையில் உறையை ஒட்டிக்கொண்டிருந்தேன். டயப்பர் மாற்றிய ஓஸ்முன்ட், டவுசர் போட மறந்துபோய் என்கிறான், அவளை வெறுங்காலோடு இறக்கிவிட்டிருக்கிறான். நான் கூப்பிடக்கூட இல்லை. பட் பட்டென்று சத்தம் கேட்டுத் திரும்பினால், நடைவழி முழுக்க நேராக முன்னால் தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். விடவே மாட்டேன் என்கிறாள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. இடுப்பு, கால், காது, எல்லாம் பிரமாதம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் படகில் கட்டாயம் வா. திங்கட்கிழமை காலை என்னை வாசலுக்கு வெளியே தள்ள ஒரு ஆள் வேண்டும். ஓஸ்முன்டால் ஆகாது, அவனும் அழுதுகொண்டிருக்கிறான்.