கொப்பராத்துரை மாளிகையின் எதிரொலி

உலக அதிசயங்கள் ஏழு என்று எழுதி வைத்தவர்கள் மட்டக்களப்புப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால், களுவாஞ்சிகுடிக்கு இப்பால் வாவிக்கரையில் நிற்கும் கொப்பராத்துரை மாளிகையைப் பட்டியலில் சேர்க்காமல் போயிருக்க மாட்டார்கள். எகிப்தின் பிரமிட்டுகள் ஊமை. எங்கள் மாளிகை பதில் சொல்லும்.

இதைக் கண்டுபிடித்த பெருமை 'உல்லாசப் பயண மீளெழுச்சி உபகுழு'வுக்கே உரியது. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மாவட்டத்தில் 'இயல்புநிலை' திரும்பிவிட்டதாம். அதை நிரூபிக்க, வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் பயணம் நடத்த வேண்டும். சரித்திர மாளிகைகளும் கரையோரப் பட்டினங்களும் உள்ளடக்கப்படல் அவசியம். பயணிகள் தம்பதியராக இருத்தல் விரும்பத்தக்கது. புகைப்படத்தில் சிரித்தல் கட்டாயமானது.

உபகுழுவின் தலைவர் கொழும்பில் இருந்தார். உறுப்பினர்கள் கனடாவில் இருந்தார்கள். செயலாளரும் வழிகாட்டியுமான நான் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

தம்பதியரைத் தேடிப் புறப்பட்டேன். "வேனில் ஏறுங்கள், ஓரிடம் காட்ட வேண்டும்" என்று இளம் தம்பதிகள் மூவரிடம் பண்போடு சொன்னேன். மூன்று சோடியும் ஓடிவிட்டார்கள். ஏன் ஓடினார்கள் என்பது உபகுழுவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அரச அலுவலகத்தில் என் அறைக்குப் பக்கத்து அறை, காணாமற்போனவர்களைப் பற்றிய முறைப்பாடுகளை ஏற்கும் அறை. அதற்கு வெளியே கிடந்த வாங்கில் வவுணதீவுப் பக்கத்து வினாயகமூர்த்தியும் மனைவி சீதேவிப்பிள்ளையும் மூன்று மாதமாக உட்கார்ந்திருந்தார்கள். உரம் வாங்கப் பட்டினத்துக்கு வந்த அவர்களுடைய மகன் தவராசாவைச் சோதனைச் சாவடியில் படையினர் சைக்கிளிலிருந்து இறக்கினார்கள். சைக்கிள் திரும்பி வந்தது. 'அப்படி ஒருவரை யாரும் பிடிக்கவில்லை' என்பதே அந்த அறையின் நிரந்தரப் பதில். இவ்வளவு ஓய்வுள்ள தம்பதியரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"உல்லாசப் பயணம் வாறீங்களா?" என்று கேட்டேன்.

வினாயகமூர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்களுக்கா?"

பட்டியலை வாசித்தேன். ஆரையம்பதிக் கடற்கரை என்றேன்; அசையவில்லை. களுவாஞ்சிகுடிப் பட்டினம் என்றேன், கொட்டாவி விட்டார். கொப்பராத்துரை மாளிகை என்றதும் சீதேவிப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"அதுக்குள்ளதான் தம்பி எங்கட புள்ளயக் கொண்டுபோனதாம். தோணிக்காரன் ஒருத்தன் கண்ட. அங்க எங்களக் கிட்ட விடுவானுகளா?"

"உல்லாசப் பயணிகளுக்குத் தடையில்லை. சுற்றறிக்கை இருக்கு."

"அப்ப நாங்க உல்லாசப் பயணிதான். எத்தினை மணிக்கி வாற?"

பயணம் காலை ஏழு மணிக்கு இனிதே ஆரம்பமானது. பயணிகளின் உடல்நலத்தைக் கருதி வழியில் ஒன்பது இடங்களில் வேனிலிருந்து இறங்கி நடக்கும் வசதி செய்யப்பட்டிருந்தது. ஒன்பது இடங்களிலும் அவர்களுடைய அடையாள அட்டைகளை ஆட்கள் திருப்பித் திருப்பி ரசித்தார்கள். சாரதி முனாப், காத்தான்குடிக்காரர், ஒவ்வொரு சாவடியிலும் என் காதுக்குள் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்: "சேர், நான் எஞ்சினை நிப்பாட்டல்ல."

ஆரையம்பதியில் முட்கம்பிக்கு இப்பால் நின்று கடலின் வரலாற்றை விளக்கத் தொடங்கினேன்.

"கடல் எங்கயும் ஓடாது தம்பி," என்றார் சீதேவிப்பிள்ளை. "மறுகாப் பாப்பம். மாளிகைக்கு விடுங்க."

"முதல்ல படம் எடுக்க வேணும். சிரியுங்க."

"பல்லுக் காட்டினாப் போதுமா?" என்று கேட்டார் வினாயகமூர்த்தி. போதும் என்றேன். சுற்றறிக்கையில் அதற்கு மேல் கேட்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மாளிகையை அடைந்தோம். கொப்பரா வியாபாரத்தில் கொழுத்த ஒரு துரை கட்டிய இரண்டு தட்டு வீடு. படையினர் அதைப் 'பராமரித்து' வந்தார்கள். பொறுப்பதிகாரி சுற்றறிக்கையை இரண்டு முறை வாசித்துவிட்டு, வாசலிலிருந்து பார்க்கலாம் என்று பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

"உள்ளுக்கு ஒண்டும் இல்ல. வீடு காலி. ஆள் இல்ல," என்றார்.

நான் விளக்கவுரையை ஆரம்பித்தேன். "யன்னல்கள் பதினாறு. உள்ளே இருப்பவர்களுக்கு வெயில் படாதபடி பதினாறுக்கும் தகரம் அடிக்கப்பட்டுள்ளது."

"ஆள் இல்லாத வீட்டில ஆருக்கு வெயில் படப்போகுது?" என்றார் சீதேவிப்பிள்ளை. பிறகு புருஷனின் பக்கம் கிறுகினார். "இஞ்சேருங்க. களவெட்டியில கூப்பிடுறாப்போல ஒருக்காக் கூப்பிடுங்க."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு கலாசாரக் குறிப்பு. எங்கள் வயல் வட்டைகளின் களவெட்டியில் சூடு மிதிக்கும்போது, நெற்கதிர் மேல் மயிலை மாடு சுற்றிவர, ஒருவர் பொலி பாடுவார். பின்னால் நிற்பவர்கள் அடுத்த அடியைப் பாடிக் கொடுக்க வேண்டும். அது கேட்டுச் செய்கிற காரியமல்ல. களவெட்டியில் வளர்ந்தவனுக்குத் தூக்கத்திலும் வாய் தானாகத் திறக்கும். அடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொன்று.

வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓ... மயிலை... மெள்ள நட... பொலியோ பொலி..."

வாவியில் நின்ற கொக்குகள் எழும்பின. பிறகு மேல் தட்டிலிருந்து, தகரத்துக்குப் பின்னாலிருந்து, கரகரத்த குரல் ஒன்று வந்தது.

"முன்னங்கால்... நோகுதே... பொலியோ பொலி..."

அதன் வால் பிடித்து இன்னும் இரண்டு குரல்கள்: "பொலியோ பொலி..."

சீதேவிப்பிள்ளை மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "என்ட புள்ள," என்றார். "அவன்தான். உசிரோட இரிக்கான்."

அதிகாரி மாளிகையை அண்ணாந்து பார்த்தார். "எக்கோ," என்றார்.

"எக்கோவா?"

"பழைய வீடுதானே. பெரிய வீடு. எக்கோ வரும். நீங்க எழுதுங்க, எக்கோ எண்டு."

அதிகாரியின் இடுப்பில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கும் அது எதிரொலி போலத்தான் பட்டது. சாதாரண எதிரொலி சொன்னதையே திருப்பிச் சொல்லும். இது அடுத்த அடியைப் பாடியது. அவ்வளவு உயர்ந்த ரகம். எங்கள் படிவத்தில் 'தலத்தின் சிறப்பம்சம்' என்றொரு நிரல் உண்டு. அதில் குறைவின்றி எழுதினேன்: 'எதிரொலி. நேரம் பி.ப. 3.20. மேல் தட்டு, கிழக்கு மூலை. ஆண் குரல்கள் மூன்று. முதற்குரல் பயணியின் பாடலுக்கு அடுத்த அடியைப் பாடியது.' மூன்று பிரதிகள். ஆள் என்ற சொல் எங்குமில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட அதிகாரி, மூன்றிலும் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார்.

தம்பதியர் இருவரும் அடுத்த கிழமையும் 'உல்லாசப் பயணம்' கேட்டார்கள். ஒரே பயணிகள் மீண்டும் வருவது இயல்புநிலைக்கு இரட்டைச் சான்று என்பதால் உடனே ஒழுங்கு செய்தேன். இந்த முறை கடற்கரையில் யாரும் இறங்கவில்லை.

வினாயகமூர்த்தி கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் குரல் உடைந்து, மயிலை என்ற சொல் பாதியில் நின்றது. மாளிகையின் பதினாறு யன்னல்களும் திறந்து கிடந்தன. தரை கழுவி ஈரமாக இருந்தது.

சீதேவிப்பிள்ளை அதிகாரியிடம் போனார். அழவில்லை.

"எக்கோ எங்க, ஐயா?"

"என்ன எக்கோ?"

"போன கிழமை இரிந்த எக்கோ. வீடு அதே வீடு. கூப்பிட்ட ஆளும் அதே ஆள். எக்கோ எண்டா இண்டைக்கும் வரோணுமே. எங்க கொண்டுபோன நீங்க?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வாவியைப் பார்த்தேன்.

"புள்ளயக் கேட்டா இல்லை எண்டு சொல்லுவீங்க," என்றார் சீதேவிப்பிள்ளை. "நான் எக்கோவைத்தான் கேக்கிறன். அது மூண்டு பேர் எண்டு நீங்களே கையெழுத்து வெச்சிரிக்கிறீங்க."

அதிகாரி படிவத்தைத் திருப்பிக் கேட்டார். முதற் பிரதி கொழும்புக்குப் போய்விட்டது, இரண்டாவது கோப்பில், மூன்றாவது விதிப்படி பயணிகளுக்கு உரியது என்று பணிவோடு தெரிவித்தேன். அது அப்போது சீதேவிப்பிள்ளையின் மடியில் இருந்தது.

கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்கு வந்த பயணிகள் எவரும் வெறுங்கையோடு திரும்பவில்லையாம். உண்மைதான். மகனைக் கேட்டு வந்தவர்களுக்கு, அவன் எதிரொலி என்று அரச முத்திரையோடு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். எழுத்து என்னுடையது.