மாதிரிக்கு ஆறு டியூப்

மனிதனுக்குப் பல் முளைத்த நாளிலிருந்தே அதை மேற்பார்வையிட ஓர் அலுவலகம் தேவைப்பட்டது என்றும், அந்த நெடுநாள் தேவை தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில்தான் நிறைவேறியது என்றும் எங்கள் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கிறது. நான் எழுதியதுதான். தேனாம்பேட்டையில், கீழே ஸ்கூட்டர் ஷோரூமும் மேலே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டும் உள்ள கட்டடத்தின் நடு மாடியில் 'வாய்த் தூய்மைப் பொருள்கள் தரநிர்ணய அலுவலகம்' சீரும் சிறப்புமாக இயங்கி வந்தது. நான் அங்கே பிரிவு உதவியாளர். பெயர் சுயம்புலிங்கம்.

எங்கள் அதிகாரி ஸ்ரீனிவாசராகவன் மயிலாப்பூர்க்காரர். அப்பழுக்கில்லாத மனிதர். தீபாவளிக்கு ஒரு பல்பொடிக் கம்பெனி அனுப்பிய ஸ்வீட் பாக்ஸைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பியவர். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை பல் கூச்சம். டபராவில் காபியை ஊற்றி, ஆற்றி, மறுபடி ஆற்றி, அது காபியா கழுநீரா என்று சந்தேகம் வரும் பதத்தில்தான் உதட்டில் வைப்பார்.

அந்த வருஷம் மயிலாப்பூரில் ஒரு புது மோஸ்தர் கிளம்பியிருந்தது. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த யாரோ ஒரு பிள்ளை, பற்பசையில் புளூரைடு கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த மாதமே மாட வீதிக் கடைகளில் எல்லாரும் "புளூரைடு இல்லாததா குடுங்கோ" என்று கேட்க ஆரம்பித்தார்கள். புளூரைடு என்றால் என்ன என்று யாராவது கேட்டால், பதில் சொல்லாமல் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஒரு மளிகைக்காரர் 'புளூரைடு இல்லாத வெல்லம்' என்று எழுதி வைத்தார். மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது.

ஆதம்பாக்கம் கதிரேசனுக்கு இந்த மோஸ்தரெல்லாம் தெரியாது. அவர் ஒரு ரசாயனக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தவர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவர் மனைவி அன்புச்செல்விக்குப் பல் கூச்சம் வந்து, பச்சைத் தண்ணீர் பட்டாலே கண்ணில் நீர் வந்தது. வழக்கமான பேஸ்டு அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் வாயெல்லாம் எரிந்தது. மனுஷர் உட்கார்ந்து யோசித்தார். பல்லின் மேல்பூச்சு எந்தக் கனிமத்தால் ஆனதோ அதே கனிமத்தை மாவிலும் மெல்லிசாக நுணுக்கிப் பசையாக்கினார். ஆறே மாதத்தில் அன்புச்செல்வி ஐஸ் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள். அதைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். வீட்டு ஹாலே தொழிற்சாலை ஆயிற்று. பேஸ்டுக்கு 'வெண்பிறை' என்று பெயர். தி.நகரில் ஒரு பெரிய கடை, பொங்கலுக்குள் எங்கள் அலுவலகச் சான்றிதழோடு வந்தால் ஒரு அலமாரி முழுக்கத் தருவதாகச் சொல்லியிருந்தது. பொங்கல் தாண்டினால் அலமாரி வேறொருவருக்கு. அப்போது ஆடி மாதம்தான் நடந்துகொண்டிருந்ததால் கதிரேசன் தைரியமாக எங்கள் படி ஏறினார்.

அதிகாரி மனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏழாவது கட்டத்துல புளூரைடு எவ்வளவுன்னு கேட்டிருக்கு. நீங்க கோடு போட்டிருக்கேள்."

"இதுல புளூரைடு இல்ல சார். அதான் சார் விசேஷமே."

"இல்லைங்கறது சரி. எவ்வளவு இல்லை?"

கதிரேசன் சற்று யோசித்தார். "முழுசா இல்ல சார்."

"முழுசுங்கறது ஒரு அளவாய்யா? மில்லிகிராம்ல சொல்லணும்."

"பூஜ்யம்னு போட்றவா சார்?"

"பூஜ்யம் போட்டா, கட்டத்தைக் காலியா விட்டுட்டதா ஆடிட்ல எழுதிடுவா. ஒண்ணு பண்ணுங்கோ. கொஞ்சம் புளூரைடு போட்டு ஒரு தடவை தயார் பண்ணிண்டு வாங்கோ. நாங்க அளந்து எழுதிக்கறோம். அப்புறம் அதே அளவு இதுல இல்லைன்னு குறிப்பு போட்டுடலாம். எதுக்கும் இப்ப மாதிரிக்கு ஆறு டியூப் வச்சுட்டுப் போங்கோ."

மாதிரியைப் பரிசோதிக்க எங்களுக்கு ஒரு ஆய்வுக்கூடம் உண்டு. கோப்பில் உண்டு. அதற்கு அடிக்கல் நாட்டிய மறுவாரமே அந்தக் கல்லை யாரோ துணி துவைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே தற்காலிக ஏற்பாடாக, பணியாளர்கள் தத்தம் வாயிலேயே பரிசோதனையை மேற்கொள்ளலாம் என்று ஆணை இருந்தது. ஆறு டியூபில் அதிகாரிக்கு இரண்டு, எனக்கு ஒன்று, டைப்பிஸ்ட் ரத்னாவுக்கு ஒன்று, கடைநிலை ஊழியர் பஞ்சாட்சரத்துக்கு ஒன்று. மிச்சம் ஒன்று பதிவேட்டுக்கு. பதிவேடு என்றால் அதுவும் அதிகாரி வீடுதான்.

மூன்றாவது வாரம் அந்த அதிசயம் நடந்தது. ஸ்ரீனிவாசராகவன் ஆவி பறக்கும் காபியை ஆற்றாமல் குடித்தார். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் கழித்துக் காபியின் ருசி தெரிந்தது என்று அப்புறம் என்னிடம் சொன்னார். எனக்கும் கடைவாய்ப் பல் சரியாகியிருந்தது. நான் கரும்பே கடித்தேன்.

டியூப் தீர்ந்ததும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "அந்த வெண்பிறை ஃபைலை அவசரப்பட்டு முடிச்சுடக் கூடாது, சுயம்பு. பொது ஜனங்களோட பல் விஷயம். இன்னும் தீர விசாரிக்கணும்."

நான் தீர விசாரித்தேன். வெயிலிலும் மழையிலும் பசை ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒரு கடிதம். ஆறு டியூப் இணைக்க. கொட்டிவாக்கத்து உப்புத் தண்ணீரில் நுரை வருமா என்று ஒரு கடிதம்; ஆறு டியூப் இணைக்க. இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உகந்ததா என்று கேட்டது முழுக்க என் சொந்தக் கற்பனை. அதை அதிகாரி வெகுவாகப் பாராட்டினார்.

இதில் கதிரேசன் செய்த ஒரு பெரிய தப்பு, ஒவ்வொரு கடிதத்தையும் நிஜமென்று நம்பியது. குறை பசையில்தான் இருக்கிறதென்று நினைத்துத் தடவைக்குத் தடவை இன்னும் மெல்லிசாக அரைத்து, இன்னும் நல்லதாகச் செய்துகொண்டு வந்தார். பசை உயர உயர எங்கள் பற்களும் உறுதியாயின. ஃபைலும் அதே உறுதியோடு நகராமல் இருந்தது.

மார்கழி மூன்றாம் வாரத்தில் கதிரேசன் ஜுரத்தில் படுத்துவிட்டார். டியூப்களை அன்புச்செல்வி கொண்டு வந்தாள். அவள் வந்த நேரம் பார்த்து எங்கள் அதிகாரி ஐஸ் மிதக்கும் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் ஓர் ஐஸ் கட்டியைக் கடைவாயில் போட்டு நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தார். அவள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் என் மேஜைக்கு வந்தாள்.

"எங்க ஃபைலு எங்க கீது சார்?"

"பரிசீலனையில் இருக்கும்மா."

"மத்த கம்பெனி ஃபைலுங்கோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஞ்சாட்சரம் முந்திக்கொண்டார். அவருக்கு உண்மை பேசும் வியாதி உண்டு.

"அதெல்லாம் ஒரே வாரத்துல போய்க்கினே இருக்கும்மா. வாயில வெச்சு துப்பிட்டு கையெழுத்து போட்டுடுவாரு. அந்தக் கண்றாவிய ரெண்டாவது தபா கேக்க யாருக்கு மனசு வரும்?"

அன்புச்செல்விக்கு அது போதும். டியூப்களைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைக் கதிரேசன் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"நீ நல்லா பண்றதாலதான்யா வராம கீது," என்றாளாம் அவள். "கேவலமா ஒண்ணு பண்ணு. கையெழுத்து வாங்கிக்கலாம். அப்பால நம்ம சரக்க வித்துக்கலாம்."

"அது ஏமாத்து இல்லையா?"

"அஞ்சு மாசமா அவங்க இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?"

மறுநாள் ஜுரத்தோடு ஜுரமாகக் கதிரேசன் சுண்ணாம்புக் கட்டியை இடித்து, சோப்புக் கரைசல் ஊற்றி, மேலாக இரண்டு சொட்டு பெப்பர்மின்ட் விட்டு ஆறு டியூப் அடைத்துக் கொடுத்தனுப்பினார். அதிகாரி அடுத்த நாள் காலையில் வீட்டில் ஒரு தடவை தேய்த்தார். வாசலில் போய்த் துப்பினார். அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக ஃபைலைக் கேட்டார்.

"ஏழாம் கட்டம் சார்?" என்றேன்.

"பொருந்தாதுன்னு எழுதும்."

ஐந்து மாதம் தீராத புளூரைடு பிரச்சினை ஒரு வார்த்தையில் தீர்ந்தது. சான்றிதழ் அன்றே டைப் ஆயிற்று. 'மேற்படி பசை புளூரைடு அற்றது, எனாமலை உறுதியாக்குவது, பல் கூச்சத்தைப் போக்குவது என இதனால் அங்கீகரிக்கப்படுகிறது.' ஒரு டியூபுக்கு அரக்கு முத்திரை வைத்துப் பீரோவில் பூட்டினோம். பொங்கலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

ஐந்தாம் நாள் கதிரேசன் மூச்சு வாங்க ஓடி வந்தார். சான்றிதழின் பின்பக்கத்தை அப்போதுதான் படித்திருக்கிறார். முத்திரையிட்ட மாதிரிக்கு இம்மியளவு மாறினாலும் உரிமம் ரத்து, சரக்கு பறிமுதல் என்று அங்கே இருந்தது. அதுவும் நான் எழுதியதுதான்.

"சார், நான் உண்மையைச் சொல்லிடறேன். கடைசியா குடுத்தது பேஸ்டே இல்ல. வெறும் சுண்ணாம்பு."

ஸ்ரீனிவாசராகவன் பதறவில்லை. "அப்படின்னா அங்கீகரிக்கப்பட்டது சுண்ணாம்பு. அதையே பண்ணுங்கோ."

"பல்லு கெட்டுப் போயிடும் சார்."

"எனாமலை உறுதியாக்கும்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே. நான் பொய் சொல்றேங்கறேளா? சுண்ணாம்புல புளூரைடு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? ஜனங்க கேக்கறதும் அதானே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பழசுதான் வேணும்னா புதுசா மனு போடுங்கோ. மாதிரிக்கு ஆறு டியூப்..."

"வேணாம் சார்," என்று கதிரேசன் எழுந்துவிட்டார். படியில் இறங்கும்போது பாதியில் உட்கார்ந்து அழுதார். நான் மேலிருந்து பார்த்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்தக் கடிதங்களுக்காக எனக்கு நல்ல பெயர் கிடைத்திருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

வேலையையும் விட்டவர், பொங்கலுக்கு மூன்றே நாள்; அலமாரி நிறையச் சுண்ணாம்பே போயிற்று. மயிலாப்பூரும் அடையாறும் அள்ளிக்கொண்டு போயின. அரசாங்க முத்திரையும் உண்டு, புளூரைடும் இல்லை, வேறென்ன வேண்டும்? கரகரப்பான சுண்ணாம்பு பல்லைத் தேய்த்தது. அதுவரை நன்றாக இருந்த பற்களும் கூச ஆரம்பித்தன. "கூசினா உள்ள வேலை செய்யறதுன்னு அர்த்தம்" என்று ஒரு மாமி சொன்னாள். அது பரவி, யாருக்கு அதிகம் கூசுகிறது என்று கோயிலில் போட்டி போட்டார்கள். கூசாதவர்கள் இரண்டு வேளை தேய்த்தார்கள். முத்திரையிட்ட மாதிரியிலிருந்து பசை மாற அனுமதிக்காத நாங்களும் வேறு வழியில்லாமல் அதையே தேய்த்தோம். தரநிர்ணய அலுவலர்களே வேறு பேஸ்டு வாங்கினால் நன்றாகவா இருக்கும்?

அடுத்த ஆவணியில் அதிகாரியின் பெண் ஹம்சினிக்குக் கல்யாணம். தி.நகரில் மண்டபம். தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு வெண்பிறை டியூப். இப்போது பெரிய மனிதராகிவிட்டதால் கதிரேசனுக்கும் பத்திரிகை போயிருந்தது. அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அன்புச்செல்வியோடு வந்திருந்தார்.

ரிசப்ஷனில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வைத்தார்கள். முந்நூறு பேர் இருந்த கூடத்தில் ஒருத்தரும் ஸ்பூனைத் தொடவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பெல்லாம் கரைஞ்சப்புறம்தான் சாப்பிடணும். அதான் ஸ்டைல். அமெரிக்காலயே அப்படித்தானாம்," என்றாள் அதிகாரியின் மனைவி சூடாமணி, கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு. எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஐஸ்கிரீம் பாலாகிற வரைக்கும் அமெரிக்காவைப் பற்றிப் பேசினோம்.

கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் ஐஸ்கிரீமை அப்படியே முன்பல்லால் கடித்துச் சாப்பிட்டாள். அன்புச்செல்விதான். அவள் வீட்டில் எந்தப் பேஸ்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். பக்கத்திலிருந்த மாமி என் முழங்கையைத் தொட்டாள்.

"பாத்தேளா, எப்படிக் கடிச்சுத் திங்கறா. பாவம், நாலு பேரோட பழகற விதம் தெரியாதவா."

எனக்குக் கடைவாயில் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. "ஆமாம் மாமி, பாவம்," என்று சொல்லிவிட்டு, என் கிண்ணம் இன்னும் கொஞ்சம் கரையட்டும் என்று காத்திருந்தேன்.