ராக்கையாவின் ஜீப்பு

“அண்ணே, ஞாயித்துக்கெழம காலைல ஜீப்பு அனுப்புறோம். மலை மேல போடிமெட்டுல மேடை, மாலை எல்லாம் உங்களுக்குத்தான்” என்றான் போனில் ஜெகதீஷ். ஏலத்தோட்டத்து வாசகர் மன்றத்தின் செயலாளர் அவன்.

கீழே போடியில் வீட்டிலிருந்த முத்துக்கிருஷ்ணன் பதறிப்போனார்.

பதறாமல் என்ன செய்வார்? அவர் எழுதி வரையும் காமிக்ஸின் நாயகன் ‘ஜீப்பு ராக்கையா’, மலை வளைவுகளில் ஒற்றைக் கையால் ஜீப்பை ஒடித்து ஏலக்காய்த் திருடர்களை மடக்குகிறவன். “ஒவ்வொரு வளைவும் எனக்கு அத்துப்படி” என்று முத்துக்கிருஷ்ணன் பேட்டி வேறு கொடுத்திருந்தார். உண்மையில் அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறினாலே அவருக்கு வாந்தி. அத்தனை வளைவுகளையும் போட்டோ பார்த்துத்தான் வரைந்தார். இது தெரிந்தால் ராக்கையாவின் மானம் போய்விடும். அவருடையதும்தான்.

“ஜீப்புல குலுங்குமேப்பா, இடுப்பு வலி” என்று நழுவப் பார்த்தார்.

“அப்ப காரு அனுப்புறோம்ணே.”

“காருல வந்தா ராக்கையாவுக்கு அசிங்கமில்ல?”

ஜெகதீஷ் உருகிப்போனான். “அதாண்ணே நீங்க! ஜீப்புல ராக்கையா படம் வரைஞ்சு, மேளத்தோட கூட்டியாறோம். வழி நெடுக வீடியோ!”

ஆக, வாந்திக்கு இப்போது வீடியோவும் ஏற்பாடாகிவிட்டது.

“உண்மையச் சொல்லிருங்க. வாந்தி என்ன கொலக்குத்தமா?” என்றாள் மனைவி சிவரஞ்சனி, சனிக்கிழமை ராத்திரி.

“வாயத் தொறந்த, அம்புட்டுத்தான்” என்று சீறிவிட்டு, யாரும் தொந்தரவு செய்யாதபடி போனை அணைத்துப் போட்டார்.

வேறொரு யோசனை வந்திருந்தது. காய் எடுக்கும் பருவமென்பதால் ஞாயிறும் கூலியாட்கள் ஜீப்பு ஓடும். அதில் முன்கூட்டியே ஏறி, ஊர் பேர் தெரியாதவராக வாந்தி எடுத்து முடித்து, முகம் கழுவி, மேடையில் ராக்கையா மாதிரி நிற்க வேண்டியது. நடைப்பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஞாயிறு விடியலிலேயே கிளம்பினார்.

மூன்றாவது வளைவிலேயே தலை வெளியே போயிற்று.

“மலைக்குப் புதுசா?” என்றான் டிரைவர் மொக்கச்சாமி. “ஜீப்பு ராக்கையா படிங்க. அதுல ஒரு திருட்டுப்பய கூட வாந்தி எடுக்கமாட்டான்.”

அவர் மறுபடியும் தலையை வெளியே நீட்டினார். எதிரே மேளச்சத்தத்தோடு மூன்று ஜீப்புகள் இறங்கி வந்தன. முதல் ஜீப்பில் ராக்கையா படம். தன்னை அழைக்கத்தான் போகிறார்கள், ஏமாந்து திரும்பட்டும் என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த நிலையிலும் லேசாகச் சிரிப்பு வந்தது.

போடிமெட்டில் இறங்கினார். முகம் கழுவினார். தலை வாரினார். மேடை இருந்தது, நாற்காலி இருந்தது, ஒரு ஆள் இல்லை. டீக்கடை ஆயம்மாள் மட்டும் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆத்தா, இங்க விழான்னாங்களே?”

“அது போடிக்கு மாறிருச்சு அப்பு. அந்தப் படக்காரரு மல ஏறுனா வாந்தி எடுப்பாருன்னு அவுக வீட்டம்மா ராத்திரி போன் போட்டுச் சொன்னாகளாம். பாவம், அந்த மனுசன எதுக்குச் சிரமப்படுத்தணும்னு அம்புட்டுப் பேரும் மாலையோட கீழ எறங்கிட்டாக!”