தண்ணீர் லாரிக்கு முன்னால் நின்ற செருப்புகள்

ஒரு காட்டில் வஞ்சிக்கொடி என்ற சாரைப்பாம்புக்கு அநியாயம் நடந்தது. கால் இல்லை என்று சொல்லி அவளுக்குத் தண்ணீர் தர மறுத்தார்கள். தண்ணீரை யாரும் காலால் குடிப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். அந்தக் காட்டுக்குத் தெரியவில்லை.

காரணம் செருப்பு. ஒரு கோடையில் பாறையெல்லாம் தோசைக்கல்லாகக் காய்ந்தபோது, ஒரு குரங்கு சாலையோரம் கிடந்த டயரை அறுத்துக் காலில் கட்டிக்கொண்டது. அப்புறம் நீலவார் வைத்த ரப்பர் செருப்பு வந்தது. வார் பிய்ந்தால் ஊக்கு குத்திக்கொண்டார்கள். அதைப் போட்டு உட்கார்ந்தார்கள், அதைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டினார்கள், கரப்பான் அடித்தார்கள் (கரப்பான்கள் ஆட்சேபித்தன). கடைசியில் தண்ணீர் லாரி வரிசையில் இடம்பிடிக்கப் போட்டார்கள். காலைச் சுடாமல் காக்க வந்த செருப்பு வெயிலில் நிற்க, கால்கள் நிழலில் தூங்கின.

வஞ்சிக்கொடிக்கு அது சட்டை உரிக்கும் பருவம். உடம்பு நனையாவிட்டால் சட்டை பாதியில் மாட்டி, கண் தெரியாமல் போய்விடும். அதனால் விடிவதற்குள் வந்து லாரி நிற்கும் இடத்தில் படுத்திருந்தாள்.

வரிசையைப் பார்த்துக்கொள்ளும் கரடி மாசிலாமணி வந்தார். "ஏம்மா, உன் செருப்பு எங்க?"

"எனக்குக் கால் இல்லையே சார்."

"காலை யாரு கேட்டா? செருப்பு எங்க?"

"நானே வந்திருக்கேன் சார். தலையிலேருந்து வால் வரைக்கும்."

"ஆளை வச்சு வரிசை பிடிச்சா அடிதடி ஆகும்மா. செருப்பு சண்டை போடாது. இங்க செருப்புதான் கணக்கு. தள்ளிப் படு."

நிழலிலிருந்து நரியார் ஒரு கண்ணைத் திறந்தார். "ஒரு ஜோடி செருப்புக்கு வக்கில்ல. வாய் மட்டும் உடம்பைவிட நீளம்."

"எழுந்து வந்து பேசுங்க மாமா. முடியலைன்னா உங்க செருப்பைப் பேசச் சொல்லுங்க."

நரியார் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டார்.

லாரி வந்தது. எல்லோரையும் எழுப்ப மாசிலாமணி மணியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் வஞ்சிக்கொடி. "வரிசையில முதல்ல நிக்கிறது யாரு?"

"நரியோட செருப்பு."

"நரி நிக்குதா?"

"இல்ல."

"நான் ஆளா வந்தேன், கணக்கில்லைன்னீங்க. அப்ப நரியும் கணக்கில்லைதானே? செருப்புக்கு வர்ற தண்ணிய நரிக்குக் குடுத்தா, அது வரிசையில நடுவுல பூர்றது இல்லையா?"

மாசிலாமணி யோசித்தார். அவர் நேர்மையானவர். அவரிடம் இருந்த கெட்ட பழக்கம் அது ஒன்றுதான்.

மணியைக் கீழே வைத்துவிட்டு ஹோஸைத் திருப்பினார். ஜோடிக்கு ஒரு குடம் வீதம் செருப்புகளுக்கே ஊற்றினார். நீலவார்கள் பளபளத்தன. முயல் வீட்டுக் குட்டிச் செருப்பு ஒன்று மிதந்து பக்கத்துக் காட்டுக்கே போய்விட்டது. தண்ணீர் மொத்தமும் பள்ளத்துக்கு ஓடியது. அங்கே வஞ்சிக்கொடி ஏற்கெனவே நகர்ந்து படுத்திருந்தாள். வயிறு முட்டக் குடித்தாள், ஊறினாள், உருண்டாள், உதட்டிலிருந்து வால் நுனிவரை சட்டை ஒரே இழுப்பில் வந்தது.

காலி லாரி ஹாரன் அடித்ததும்தான் எல்லோரும் விழித்தார்கள். நரியார் குடத்தோடு ஓடி வந்தார். "எங்க தண்ணி எங்க சார்?"

மாசிலாமணி ஹோஸைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் குடுத்தாச்சு. நீங்க யாரு?"

நீதி: அநியாயமான விதியை எதிர்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். அதை ஒரு வரி விடாமல் அமல்படுத்தச் சொல்லிவிட்டு, பள்ளமான இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளுங்கள்.