சுவர் நலப் பிரிவும் வெயிலுமுத்துவின் பெயரும்

பம்பாயில் குளிர்காலம் என்று ஒன்று உண்டு. உண்டு என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருப்பதால் உண்டு. டிசம்பர் பிறந்ததும் மாட்டுங்காக்காரர்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். உள்ளே வேர்க்கும். கழற்ற மாட்டார்கள். தாராவியில் ஸ்வெட்டருக்கு வழியில்லை. அதனால் கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, "என்னா குளிருல!" என்று ஒருவருக்கொருவர் சொல்லி நடுங்கிக்கொள்வார்கள்.

மழை ஓய்ந்து சுவர் காய்ந்து கிடக்கும் காலமும் இதுதான். ஆகவே சுவரில் எழுதுவதும், அதன் முன்னால் நின்று போட்டோ பிடிப்பதும் குளிர்காலத்துக்குரிய திருப்பணிகள். அறுபத்தைந்தாம் வருஷத்து டிசம்பரில் தாராவிப் பையன்களிடையே ஒரு நாகரிகம் பரவியிருந்தது. டெரிலின் சட்டை, கறுப்புக் கண்ணாடி, நெற்றிக்கு மேல் கூடு கட்டிய மாதிரி தலைமுடி. இந்தக் கோலத்தில் எடுத்த படம் ஊருக்குப் போனால், சொந்தச் சித்தப்பனுக்கே ஆள் யாரென்று தெரிவதில்லை. அதற்காகக் கண்ணாடியையா கழற்ற முடியும்? தலைக்கு மேலே சுவரில் பெயரை எழுதிவிட்டுக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நாகரிகத்தைக் கண்டுபிடித்த மேதை வெயிலுமுத்து. மெட்ரிக் கணக்குப் பரீட்சை ரொம்ப நீளமாக இருக்கிறதென்று பாதியில் எழுந்து வந்தவன். கப்பலில் வேலை பார்த்த தாய்மாமன் விட்டுப்போன பாக்ஸ் கேமரா ஒன்று அவனிடம் இருந்தது. தமிழில் அவனுக்குத் தடுமாறாமல் எழுத வந்தவை தன் பெயரிலுள்ள எழுத்துகள் மட்டும்தான். அவற்றை மாஹிம் பக்கம் போகிற ரோட்டின் நீளச் சுவரில், ஆளுயரத்துக்குத் தாரால் எழுதியிருந்தான். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறதா என்று அவனே தினமும் போய்ப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று திரும்பி வருவான்.

இப்படியிருக்கையில் நிர்வாகம் விழித்துக்கொண்டது.

சுவர்களின் மானத்தைக் காப்பதற்கென்று கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் சுவர் நலப் பிரிவு என்று ஓர் ஆபீஸ் திறந்தார்கள். ஹெட்கிளார்க் வெங்கடேஸ்வரன். முழுக்கை ஸ்வெட்டர். எழுத்துள்ள சுவரை முதலில் போட்டோ எடுக்கவேண்டும், படத்தைப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கவேண்டும், அதன்பிறகு சுண்ணாம்பு அடிக்கவேண்டும் என்பது உத்தரவு. கேமராவுக்கு நிதி ஒதுக்கப்படவில்லை. ஆகவே கேமராவோடு கூடிய மனிதன் ஒருவனைத் தற்காலிகமாக எடுப்பதென்று முடிவாயிற்று.

"பேர் என்ன?"

"வெயிலுமுத்து, சார்."

"போட்டோ எடுக்க வருமோ?"

"கேமரா இருக்கு, சார்."

"அது போதும்."

"நோக்கரி பக்காவா, சார்? நிரந்தரந்தானா?"

"இப்போ கச்சா, தற்காலிகம்தான். படமெல்லாம் நன்னா விழுந்து, நாலு பேரையாவது பிடிச்சோம்னா பக்கா பண்ணிடலாம். கஷ்டமே இல்லை. இந்தப் பசங்க சொந்தப் பேரையே எழுதி வச்சிருக்காளாம். அசடுகள்! திருடிட்டு, வீட்டு விலாசத்தையும் வச்சுட்டுப் போற மாதிரி."

வெயிலுமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். மாடிப்படி இறங்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் வீடு வந்து சேருவதற்குள் எப்படியோ சேதி தெரிந்து, அம்மா முருகம்மாள் அந்தச் சந்து முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். "எம்மவனுக்குக் கவர்மெண்டு உத்யோகம். பம்பாய்ல உள்ள செவரு பூராவும் இனி அவன் கையிலதான்." இனி வேலை போனால் அவனால் மட்டுமல்ல, அவளாலும் சந்தில் தலைகாட்ட முடியாது.

தோல் பட்டறையில் வேலை பார்க்கிற சிநேகிதன் ஞானசீலனிடம் போய் முறையிட்டான்.

"இதுல யோசிக்க என்னல இருக்கு?" என்றான் ஞானசீலன். "படம் நல்லா விழுந்தா நீ மாட்டுவ. விழலன்னா வேலை போவும். எப்படியும் கேமரா ஒனக்கு வேண்டாம். எங்கிட்ட குடுத்துட்டுப் போ."

"பேரை அழிச்சிருவமா?"

"தாரை எப்படில அழிப்ப? சுண்ணாம்பு அடிச்சாலும் மறுநா எட்டிப் பாக்கும். ஒம்பேரு மேல ஒனக்கு உள்ள பிரியத்துக்கு ரெண்டு தடவல்லா பூசியிருக்க!"

அப்போதுதான் வெயிலுமுத்துவுக்குத் தன் வாழ்நாளின் ஒரே யோசனை உதித்தது. குளிர்காலத்து விடியலில் குயவர் சூளைப் புகை மேலே போகாது. சோம்பேறி மாதிரி சுவரோரமாகவே படுத்துக் கிடக்கும். எல்லாச் சுவரையும் அந்த நேரத்தில் எடுத்தான். தன் சுவரை இரண்டு தரம் எடுத்தான்.

படங்கள் ஹெட்கிளார்க்கின் மேஜைக்கு வந்தன. ஒவ்வொன்றும் பால் கொட்டிய மாதிரி வெள்ளையாக இருந்தது.

"என்னடா இது?"

"செவரு, சார்."

ஹெட்கிளார்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"எழுத்தே இல்லையேடா! பரம சுத்தமான்னா இருக்கு!"

வெயிலுமுத்துவுக்கு ஒரு வியாதி உண்டு. உண்மை அவன் வாயில் தங்காது. "நேர்ல போயிப் பாத்தா வேற மாதிரி இருக்கும், சார்."

"நேர்ல எதுக்குப் போகணும்? சுவர் இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கும், நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும். அதை நம்ப முடியுமோ? ஃபைல் எப்பவும் ஒரே மாதிரி இருக்கும்."

'மேற்படி வட்டாரத்துச் சுவர்கள் யாவும் யாதொரு எழுத்துமின்றிப் பரிசுத்தமாக விளங்குவதால், அவற்றைச் சுத்தம் செய்யவேண்டிய அவசியம் எழவில்லை என்று இதனால் பதிவு செய்யப்படுகிறது' என்று எழுதிச் சீல் வைத்தார். வாசலில் வந்து நின்ற சுண்ணாம்பு வண்டி திரும்பிப் போயிற்று.

செலவே இல்லாமல் ஒரு வட்டாரம் தானாகச் சுத்தமாகிவிட்டது என்று கேட்டு, மேலிடத்துப் பெரிய சாப் மனம் உருகிவிட்டார். அந்த அதிசயச் சுவர்களை நேரில் தரிசிக்க விடியற்காலையில் வருவதாகத் தகவல் அனுப்பினார். வெயிலுமுத்து குயவர்களிடம் ஓடிப்போய்க் கெஞ்சி, எல்லாச் சூளைகளையும் சேர்த்து மூட்டவைத்தான். அற்புதமான புகை. ஆனால் பெரிய சாப்கள் விடியற்காலை என்று சொன்னால் அது மத்தியானம் என்பதை அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்திருக்கவில்லை.

கார் வந்து நின்றபோது வெயில் சுள்ளென்று அடித்தது. புகை போன இடம் தெரியவில்லை. சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கன்னங்கரேலென்று, வெயிலுமுத்து.

ஹெட்கிளார்க் அதை வாசித்தார். பிறகு மெல்லத் திரும்பி வெயிலுமுத்துவைப் பார்த்தார். வெயிலுமுத்து கேமராவில் ஏதோ பழுது பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"யே க்யா லிக்கா ஹை?" என்று, என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டார் பெரிய சாப். அவருக்குத் தமிழ் தெரியாது.

ஹெட்கிளார்க்குக்கு வேர்த்துக் கொட்டியது. சுவர் அழுக்கென்றால் ஃபைல் பொய். ஃபைல் பொய்யென்றால் உத்தியோகம் பொய்.

"நம்ம ஆபீஸ் அறிவிப்பு, சாப். 'சுவரில் எழுதாதீர்' என்று தமிழில் போட்டிருக்கிறது."

"ஆனால் இதுவும் சுவரில்தானே எழுதியிருக்கிறது?"

"அறிவிப்பு எழுத்தாகாது, சாப்."

பெரிய சாப் இந்த நுட்பத்தைச் சற்று நேரம் ருசித்தார். பிறகு, "பஹுத் அச்சா!" என்றார். "எல்லாச் சுவரிலும் இதையே எழுதுங்கள்."

அந்த உத்தரவு எழுத்து மூலமாகவும் வந்து சேர்ந்தது. ஆபீஸ் பெயிண்டு, ஆபீஸ் ஏணி. மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வரைக்கும், பாண்டுப்புக்குப் போகிற ரோட்டிலும், வெயிலுமுத்து தன் பெயரை அரசாங்கச் செலவில் எழுதிக்கொண்டே போனான். முதலில் அவனுக்கு ஆகாயத்தில் மிதப்பதுபோல் இருந்தது. பிறகு தோள்பட்டை வலித்தது. அதற்கும் பிறகு, அது தன் பெயர்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. இவ்வளவு பெரிதாகப் போட்டிருப்பதால் யாரோ மந்திரியாக்கும் என்று நினைத்து, இரண்டொரு இடத்தில் மாலையும் போட்டார்கள்.

சும்மா கிடைக்கிற எழுத்தை விடுவானேன் என்று பையன்களும் அதன் கீழேயே நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஊரில் எந்த வீட்டுப் பையன் படம் வந்தாலும் தலைக்கு மேலே வெயிலுமுத்து.

வேலை முடிந்ததும் அவன் ஹெட்கிளார்க் முன்னால் போய் நின்றான்.

"சார், பக்கா?"

"பக்கா போஸ்ட் வந்தாச்சு. ஆனா உனக்குக் கொடுக்க முடியாதுடா."

"ஏன், சார்?"

"வெயிலுமுத்துங்கறது மனுஷன் பேர் இல்லையே. 'சுவரில் எழுதாதீர்'னு அர்த்தம். பெரிய சாப் கையெழுத்தே போட்டாச்சு. ஒரு அறிவிப்பை எப்படிடா வேலைக்கு வச்சுக்கறது?"

"நான்தான் சார் வெயிலுமுத்து! ஒங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? ஃபைலுக்குத் தெரியாதே. வேற ஏதாவது பேர் இருந்தாச் சொல்லு."

யோசிக்கப் பொறுமையில்லாமல் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைச் சொன்னான். பூதத்தான். ஆர்டர் கைக்கு வந்தது.

வீட்டில் முருகம்மாள் ஆர்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்ன பேருல போட்டிருக்கானுவ?"

"பூதத்தான்."

அவள் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடப் பாவிப் பயல! அது எங்க மாமனாரு பேருல்லா! அதை நான் வாயால சொல்லலாமால? நாலு பேரு கேட்டா எம்மவன் பேரை என்னன்னு சொல்லுவேன்?"

அன்றிலிருந்து யாராவது கேட்டால், "செவத்துல எழுதியிருக்குல்லா, அந்தப் பேரு இல்லாதவன்" என்று சொல்லிவந்தாள்.

பக்கா ஆனவன் ஏணியில் ஏறக்கூடாது, கேமராவையும் தொடக்கூடாது. ஆகவே கேமரா ஞானசீலன் கைக்குப் போயிற்று. புதிய கச்சா போட்டோக்காரன் அவன்தான். நிபந்தனை பழையதுதான்: படம் நன்றாக விழுந்து, நாலு பேரையாவது பிடித்தால் பக்கா.

பக்கா உத்தியோகஸ்தனை ஊர் பார்க்கவேண்டாமா? ஜனவரியில் ஒரு மத்தியானம், பளீரென்ற வெயிலில், டெரிலின் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக அவன் தன் பழைய சுவருக்குப் போனான். வெறும் வெயிலுமுத்து என்ற எழுத்துக்குக் கீழே நின்றால் ஊரில் வந்து குவிந்திருக்கிற வெயிலுமுத்துகளில் இவனும் ஒருவன் ஆகிவிடுவான். எனவே அதன் அடியில் புதுப் பெயரை எழுதுவதென்று தீர்மானித்திருந்தான். புது எழுத்துகள் அவனுக்குச் சரியாக வரவில்லை. ஞானசீலன்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். தாரும் அவன் கொண்டுவந்ததுதான்.

எழுதி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றான் பூதத்தான்.

"ஏல, ஆபீஸ் படம்ல, நல்லா விழணும். இல்லன்னா எனக்குப் பக்கா ஆவாது" என்றான் ஞானசீலன், கேமராவுக்குள் குனிந்தபடி. "பேரு மறையுது பாரு. கொஞ்சம் தள்ளி நின்னு சிரி."

பூதத்தான் கொஞ்சம் தள்ளி நின்று சிரித்தான்.